பியானோவும் வராந்தாவும்

1986ஆம் ஆண்டு மே மாதம் பதினேழாம் தேதி, சனிக்கிழமை, மாலை நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு அந்தக் கச்சேரி தொடங்கியது. நான்கு மணிக்கே தொடங்கியிருக்க வேண்டும். பியானோவின் மூடி மலையின் ஈரத்தில் ஊதிப்போய்த் திறக்க மறுத்ததில் அந்த ஐந்து நிமிடம் கழிந்தது.

பியானோ தலைச்சோலையில் ஓர் எஸ்டேட் பங்களாவைச் சேர்ந்தது. அதன் சொந்தக்காரரை எல்லாரும் பங்களா அம்மா என்றே அழைத்தோம். ஒரு காலத்தில் மிஷன் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தவர். பெங்களூரிலிருக்கும் மகளோடு தங்கிவிடப் பங்களாவைக் காலி செய்துகொண்டிருந்தார். கட்டில், பீரோ எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்துவிட்டது. பியானோவுக்குக் கிடைக்கவில்லை. மகள் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. சேலத்தில் ஒரு பர்னிச்சர் கடைக்காரர் மட்டும் வந்து பார்த்துவிட்டு, தம் கடை முகப்பில் போட்டு மேலே பூச்சாடி வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்தப் பூச்சாடியை நினைத்து நான் பல இரவுகள் தூங்கவில்லை. காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. சேலத்தில் தமிழ் இலக்கியம் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு விடுமுறையிலும் தலைச்சோலைக்கு நடந்து போய், பங்களா அம்மா மதியம் தூங்கும் நேரத்தில் அந்தப் பியானோவை வாசிப்பேன். வாசிப்பது என்பது பெரிய சொல். மாதா கோயிலில் ஆர்மோனியம் பழகிய கை. இசைத்தாளை எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்கு மட்டும் அறிவு. ஆனால் நாலு பேர் முன்னால் பேச்சே வராத எனக்கு, நான் அழுத்தினால் அழுத்தியபடியே பேசுகிற ஒரு பொருள் உலகத்தில் இருந்தது. அது மலையை விட்டு இறங்கிவிட்டால் எனக்கு வேறொன்று கிடைக்காது.

வழி ஒன்றைப் பங்களா அம்மாவே சொன்னார். தாம் இளமையில் படித்த மதராஸ் கல்லூரியிலிருந்து பியானோவில் முதுகலை படிக்கும் இரண்டு மாணவர்களை வரவழைத்தார். கச்சேரி எங்கள் ஊர்ப் பொது நூலகத்தில்.

“இங்க கேக்கறதுக்கு ஜனம் இருக்குதான்னு பாத்துடறேன் கண்ணு. உக்காந்து கேட்டாங்கன்னா பியானோவ நூலகத்துக்கே குடுத்துட்டுப் போறேன். எந்திரிச்சுப் போனாங்கன்னா, திங்கக்கெழம லாரி சேலத்துக்குத்தான்.”

அவ்வளவு தெளிவான நிபந்தனை. ஆனால் பங்களா அம்மாவுக்குச் சொந்தமாகவே ஓர் அறை நிறையப் புத்தகம் உண்டு. எங்கள் நூலகத்துக்குள் அவர் அதற்கு முன்னால் காலெடுத்து வைத்ததில்லை. பிறகு நடந்ததெல்லாம் இதனால்தான்.

எங்கள் நூலகம் ஒரே கூடம். முன்பக்கம் நீளமான வராந்தா. நூலகர் மெலிந்த, முழுக்கைச் சட்டைக்காரர். கூடத்துக்குள் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. சத்தம் எழுந்தால் தலையை உயர்த்துவார். வலது கையின் சுட்டுவிரல் வாசலைக் காட்டும். அவ்வளவுதான். தும்மல் வந்தவர் வராந்தாவுக்குப் போய்த் தும்மிவிட்டு வருவார். இருமலும் அப்படியே. நாளிதழில் சிரிப்புத் துணுக்குப் படித்தவர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய், வெளியே வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, சாதுவாகத் திரும்பி வந்து மீதியைப் படிப்பார். சண்டை போட வேண்டியவர்கள்கூட இரண்டு பேருமாகச் சேர்ந்து வெளியேறுவார்கள். பல வருடப் பழக்கத்தில் விரலுக்கே வேலையில்லாமல் போயிருந்தது. உள்ளே எழுத்து, வெளியே சத்தம்: ஊருக்கு இது ரத்தத்தில் ஊறிய விஷயம். எனக்கும்தான். அதனாலேயே அதை யாரிடமும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மதராஸிலிருந்து வந்த இருவரில் ஒருவர் மிக உயரமான இளைஞர். உட்கார்ந்தால் முழங்கால் பியானோவின் அடியில் இடித்தது. மற்றவர் சுருட்டை முடியும் பெரிய கண்ணாடியுமாக ஒரு பெண். எனக்கு இசைத்தாள் படிக்கத் தெரியும் என்று பங்களா அம்மா சொல்லிவிட்டதால் பக்கம் புரட்டுகிற வேலை என்னிடம் வந்தது. பியானோவுக்கு இடப்பக்கம் ஒரு முக்காலி. வாழ்க்கையில் முதல் தடவையாக ஊர் முழுவதும் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்தேன். காது இரண்டும் கொதித்தன.

தொடங்குமுன் உயரமானவர் நூலகரை வராந்தாவுக்கு அழைத்துப் போய்க் கவலையோடு கேட்டார்.

“சார், நான் வாசிக்கிறது மூணு பகுதியா இருக்கும். பகுதிக்கு நடுவுல ஜனங்க கைதட்டிட்டா கவனம் போயிடும். கொஞ்சம் சொல்லி வைக்க முடியுமா?”

“சொல்லவே வேண்டாமுங்க,” என்றார் நூலகர். “என்ர கூடத்துக்குள்ள ஒருத்தரும் கைதட்ட மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு.”

உயரமானவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கூடம் நிரம்பிவிட்டது. வழக்கமான வாசகர்கள், கோயில் பாட்டுக்குழுவினர், கரடியூர்ப் பக்கத்திலிருந்து காப்பித் தோட்ட ஆட்கள். பின்வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில், காலையில் பியானோவை லாரியிலிருந்து இறக்கித் தோளில் சுமந்து வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரின் மனைவி மட்டும் முன்வரிசையில் இடம்பிடித்திருந்தார். தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கிற அக்கா. உள்ளே நுழையுமுன்பே என்னை வராந்தாவில் மறித்திருந்தார்.

“அம்முணி, என்ர ஊட்டுக்காரரு தோளு வீங்கிக் கெடக்குது. காலையில இருந்து ஒரே மொனகல். அப்படி அதுக்குள்ள என்னதான் வெச்சிருக்கறாங்கன்னு பாக்கோணும்னே வந்தேன். நல்லா இல்லீன்னா உன்னத்தான் கேப்பேன், ஆமா.”

முதல் பகுதி வேகமானது. உயரமானவரின் கைகள் எழுந்து இறங்கிய கணத்திலேயே கூடத்தில் ஒரு மூச்சு உள்ளே இழுக்கப்பட்டது. முடியும்வரை அது வெளியே விடப்பட்டதாகத் தெரியவில்லை. மேல்கட்டைகளில் ஒன்று ஊமை. அது வரும் இடத்திலெல்லாம் விரல் விழும், ஒலி வராது. படிக்கட்டில் ஒரு படியைத் தாண்டிக் குதிப்பதுபோல இசை தாண்டிப் போகும். நான் பக்கங்களைத் துல்லியமாகப் புரட்டினேன். உள்ளங்கை வியர்வையைப் பாவாடையில் துடைத்தேன். கடைசி மூன்று அடிகள் இடிபோல விழுந்தன. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உயரமானவர் கண்ணை மூடினார்.

நிசப்தம்.

பிறகு நாற்காலி நகரும் ஓசைகூட இல்லாமல் ஒட்டுமொத்தக் கூடமும் எழுந்தது. செருப்பைக் கழற்றிவிட்ட கால்கள். வரிசை வரிசையாக, இடிக்காமல், ஒழுங்காக, எல்லாரும் வாசலை நோக்கி நடந்தார்கள். உயரமானவர் கண்ணைத் திறந்தபோது கடைசி முதுகு வெளியேறிக்கொண்டிருந்தது. காலி நாற்காலிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த முகத்தை விவரிக்க நான் படித்த இலக்கியம் எதுவும் போதாது.

எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. பங்களா அம்மாவுக்குப் புரியவில்லை. காலியாகிவிட்ட முன்வரிசையில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். மெதுவாகக் கைப்பையை எடுத்து மடியில் வைத்து, அதன் கொக்கியைப் போட்டார். எந்திரிச்சுப் போனாங்கன்னா. பூச்சாடி என் கண்முன் வந்து நின்றது.

“அம்மா!” என்றேன். அந்தக் கூடத்துக்குள் நான் எழுப்பிய முதல் ஒலி அது. “அவங்க போகலைங்கம்மா, அவங்க வந்து...”

நூலகரின் தலை உயர்ந்தது. சுட்டுவிரல் வாசலைக் காட்டியது.

நான் எழுந்து வெளியே போனேன். இதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த விரலை மீறுவது மனித சாத்தியமில்லை. சொல்ல வேண்டிய செய்தி என்னிடம் இருந்தது, கேட்க வேண்டியவர் உள்ளே இருந்தார், பேசக்கூடிய இடமோ வெளியே இருந்தது. வாசற்படியைத் தாண்டினேனோ இல்லையோ, வராந்தா வெடித்தது.

அப்படியொரு கைதட்டலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. சுமந்து வந்தவர்கள் விசிலடித்தார்கள். பாட்டுக்குழுப் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டார்கள். அதுவரை அடக்கி வைத்திருந்த இருமல்களும் தும்மல்களும்கூட அதில் சேர்ந்துகொண்டன. பழம் பறிக்கிற அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“ஏனம்முணி, அது கையா வேறெதாச்சுமா! எங்க கை செடியில அந்த ஓட்டம் ஓடுனா மேஸ்திரி எங்களக் கும்புட்டுட்டு ஊட்டுக்குப் போயிருவாரு!” பிறகு கணவரிடம் திரும்பினார். “இந்தாங்க, தோளு வலின்னு இனி ஒரு பேச்சு வரக்கூடாது, சொல்லிப்போட்டேன்.”

“இப்ப வலியே தெரியலீங்களே,” என்றார் அவர், வாயெல்லாம் பல்லாக.

நான் சிரிக்கத் தொடங்கினேன். சிரித்துப் பழக்கமில்லாதவள், எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. அந்த நேரம் பங்களா அம்மா வாசலில் வந்து நின்றார். அவர் தோளுக்குமேல் உயரமானவரின் தலை, அதற்குக் கீழே சுருட்டை முடி.

“இவங்க ஏன் உள்ளயே தட்டல?” என்று பங்களா அம்மா கேட்டார்.

நூலகரும் வெளியே வந்திருந்ததால் அவரால் பேச முடிந்தது. அந்தக் கேள்வி அவரைக் கொஞ்சம் புண்படுத்தியதாகத் தெரிந்தது.

“உள்ள நூலகமுங்க.”

பங்களா அம்மாவின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. ஆனால் அவர் சுலபத்தில் மசிகிறவர் அல்ல. கைப்பையின் கொக்கியைக் கழற்றவில்லை.

“சரி. மொத தடவைக்கு மரியாதைக்காகத் தட்டுவாங்க. கடைசி வரைக்கும் இருக்கறாங்களான்னு பாப்பம்.”

எல்லாரும் உள்ளே போனோம். அவரவர் நாற்காலியில் அவரவர் உட்கார்ந்தார்கள். இரண்டாம் பகுதி மிக மெதுவானது. ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் வந்து கூடத்தின் குறுக்கே நடந்து எதிர் ஜன்னல் வழியாகப் போயிற்று. அது முடிந்ததும் கூடம் எழுந்து வெளியே போய்த் தட்டிவிட்டு வந்தது. மூன்றாம் பகுதி முடிந்ததும் அதே. இந்தத் தடவை உயரமானவர் எழுந்து நின்று, காலி நாற்காலிகளைப் பார்த்து இடுப்புவரை குனிந்து வணங்கினார். வெளியிலிருந்து விசில் வந்தது. இரண்டும் சரியாகப் பொருந்தின.

அடுத்துச் சுருட்டை முடிக்காரரின் முறை. அவர் வாசித்தவை சின்னச் சின்ன உருப்படிகள். சில, ஒரு தும்மலைவிடக் கொஞ்சம்தான் நீளம். முதல் உருப்படிக்கு எல்லாரும் வெளியே போனார்கள். இரண்டாவதற்கும் போனார்கள். உட்காருமுன் எழ வேண்டியதாயிற்று. மூன்றாவது முடிந்தபோது, முன்வரிசை அக்கா பாதி எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பின்னால் திரும்பி வாசலோரத்திலிருந்த தம் கணவருக்குக் கையால் ஒரு சைகை செய்தார். அதன் பொருள் கூடத்தில் எல்லாருக்கும் புரிந்தது: நீங்க போயி எங்களுக்கும் சேத்துத் தட்டிப்போட்டு வாங்க.

சுமந்து வந்தவர்கள் எழுந்து போனார்கள். ஊரின் சார்பாக அவர்கள் வெளியே தட்டினார்கள். உள்ளே இருந்தவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டினார்கள். சுருட்டை முடிக்காரர் வாசலைப் பார்த்து வணங்கினார். அடுத்த உருப்படிக்கு அவர்கள் இன்னும் வேகமாகப் போனார்கள், இன்னும் வேகமாகத் திரும்பினார்கள். ஒரு தடவை திரும்பி வருமுன் அடுத்தது தொடங்கிவிட்டது. அவர்கள் வாசற்படியிலேயே ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக அது முடியும்வரை சிலைபோல நின்று, முடிந்ததும் அப்படியே பின்வாங்கித் தட்டினார்கள். நான் கன்னத்தை உட்பக்கமாகக் கடித்துக்கொண்டிருந்தேன். பங்களா அம்மாவின் கைப்பை மடியில் குலுங்குவதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். பார்த்தால் முடிந்தது கதை.

கடைசி உருப்படி இருவரும் ஒரே பியானோவில் சேர்ந்து வாசிப்பது. நான்கு கை, ஒரே புத்தகம். இடப்பக்கத் தாள் அவருக்கு, வலப்பக்கத் தாள் இவருக்கு. உயரமானவர் கீழ்க்கட்டைகளில், சுருட்டை முடிக்காரர் மேல்கட்டைகளில். வெளியே வானம் இருட்டி, மழை கூரையில் விழத் தொடங்கியது. நான் எழுந்து நின்று புரட்டினேன். ஈரத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பாதியில், துள்ளலான ஓர் இடத்தில், ஒன்றைப் புரட்டினேன். கையில் இரண்டு வந்தன.

எழுத்தில் இது ஒரு வரி. நடந்தபோது ஒரு யுகம். உயரமானவர் மனப்பாடத்தில் பழைய இடத்திலேயே போனார். சுருட்டை முடிக்காரர் தாளை நம்பிப் புதிய இடத்துக்குக் குதித்தார். ஒரு பியானோவில் இரண்டு கச்சேரி நடந்தது. இரண்டும் எப்படியோ ஒன்றையொன்று துரத்தின. சுருட்டை முடிக்காரரின் தோள் குலுங்கத் தொடங்கியது. உயரமானவரிடமிருந்து கொதிக்கும் கெட்டிலைப்போல ஓர் ஒலி வந்தது. எனக்கோ சிரிப்பு வயிற்றிலிருந்து தொண்டைக்கு ஏறி, தொண்டையிலிருந்து கண்ணுக்கு ஏறி, நீராக வழிந்தது. நான் வெளியே போக வேண்டும். போனால் பக்கம் புரட்ட ஆளில்லை. நூலகரின் தலை உயர்வதைப் பார்த்தேன். விரல் மேசையிலிருந்து கிளம்பியது. என் கண்ணீரைப் பார்த்து என்ன நினைத்தாரோ, விரல் திரும்ப மேசைமேல் படுத்துக்கொண்டது.

ஏதோ ஒரு திருப்பத்தில் உயரமானவரும் இந்தப் பக்கம் தாவினார், இருவரும் சேர்ந்துகொண்டார்கள். அங்கிருந்து முடிவுவரை அவர்கள் வாசித்த வேகம் எந்தத் தாளிலும் எழுதப்பட்டதல்ல. தப்பித்து ஓடுகிறவர்களின் வேகம். கடைசிச் சுரத்தை நான்கு கையும் ஒன்றாக அடித்தபோது, ஊமைக்கட்டைகூட ஏதோ முனகியதாக எனக்குப் பட்டது.

கூடம் எழுந்தது. வாசல்வரை போனது. நின்றது.

மழை கல்மழையாகியிருந்தது. காற்று அதை வராந்தாவின் நீளம் முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. வெண்ணிறக் கட்டிகள் தரையில் குதித்தன. வெளியே ஒரு முழ இடமும் மிச்சமில்லை. எல்லாரும் திரும்பினார்கள். கைதட்டல் எல்லார் கையிலும் தயாராக இருந்தது, போட இடமில்லை. பழம் பறிக்கிற அக்கா உள்ளங்கைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் விரித்து வைத்துக்கொண்டு, நிறைகுடத்தைச் சுமப்பவர்போல நின்றார். மதராஸ்காரர்கள் இருவரும் வணங்குவதா வேண்டாமா என்று புரியாமல் நின்றார்கள். பங்களா அம்மா எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லார் கண்ணும் நூலகரிடம் போய்ச் சேர்ந்தன.

நூலகர் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, கூடத்துக்குள்ளேயே, எங்கள் வாழ்நாளில் முதல் முறையாக, வாயைத் திறந்து உரக்கப் பேசினார்.

“மணி ஆறுங்க. நூலகம் மூடியாச்சு.”

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. அக்காவுக்குத்தான் முதலில் விளங்கியது. பட்டென்று ஒரு தட்டு. அப்புறம் கல்மழை கேட்கவில்லை. அலமாரிக் கண்ணாடிகள் அதிர்ந்தன. விசில் கூரையில் மோதித் திரும்பியது. மதராஸ்காரர்கள் வணங்கிக்கொண்டே இருந்தார்கள். நான் பியானோவின் பக்கவாட்டில் முகத்தை வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு, வெட்கமில்லாமல் சிரித்தேன். மரத்துக்குள்ளே கம்பிகளும் என்னோடு சேர்ந்து அதிர்ந்தன. நிமிர்ந்தபோது பங்களா அம்மாவின் கைப்பை தரையில் கிடந்தது. அவர் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார்.

அடங்கியதும் அவர் நூலகரிடம் வந்தார்.

“பியானோ இங்கயே இருக்கட்டுங்க. சேலத்துக்காரர் பூச்சாடிய எங்கயாச்சும் வெச்சுக்கட்டும்.”

நூலகரின் முகத்தில் மகிழ்ச்சியும் கலவரமும் ஒரே நேரத்தில் வந்தன. “நொம்ப சந்தோசமுங்க. ஆனா... அது சத்தம் போடுமுங்களே.”

“சத்தம் போடாத பியானோவ வெச்சுட்டு என்ன பண்றது? இந்தப் பொண்ணு வாசிக்கோணும்னுதானே கேக்கறேன்.”

நான் அவர் பக்கம் திரும்பினேன். “அம்மா, உங்களுக்கு எப்படி...”

“தூங்கறவங்களுக்குக் காது இல்லியா கண்ணு? நீ அதே எடத்துல அதே தப்ப எத்தன வருசமாப் பண்ற! நாளைக்காச்சும் திருத்திருவாளோ திருத்திருவாளோன்னு படுத்துக் கெடந்தேன்.”

நூலகர் பியானோவையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டப் பிரச்சினையைத் தீர்க்கிற முகம். பிறகு சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினார்.

“எட்டு மணிக்கு நான் தொறக்கறேன். அதுக்கு முன்னால இது நூலகம் இல்லீங்க. வெறும் கூடம்.” சாவியை என்னிடம் நீட்டினார். “எட்டுக்கு ஒரு நிமிசம் முந்தி மூடியச் சாத்திப்போடோணும்.”

மறுநாள் ஞாயிறு. விடிந்ததும், கோயில் மணிக்கு இன்னும் நேரமிருக்க, நான் நூலகத்துக்குப் போனேன். வராந்தாவில் ஈரம் காயவில்லை. மதராஸ்காரர்கள் அவசரத்தில் விட்டுப்போன புத்தகம் பியானோ மேலேயே இருந்தது. ஒட்டிக்கொண்டிருந்த தாள்களை நகத்தால் மெல்லப் பிரித்தேன். முந்தின நாள் யாரும் முழுதாகக் கேட்காத இரண்டு பக்கங்கள். மேல்கட்டைகளுக்கான பகுதியை மட்டும், எழுத்துக்கூட்டி, மிக மெதுவாக, முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். துள்ளலான இடம் என் கையில் நொண்டியது. ஆனாலும் துள்ளல்தான் என்று அடையாளம் தெரிந்தது.

முடிந்ததும் எழுந்து, கதவைத் திறந்து, வராந்தாவுக்குப் போய்க் கைதட்டினேன். உள்ளேயே தட்டியிருக்கலாம். மணி ஏழுகூட ஆகவில்லை.